காற்றுப் படாத இடம்

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. கேக் தின்னும் ஆசையில் செய்த காரியம் என்று என்னை விசாரிக்கிற இந்த ஐயா நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். யாதவி தங்கச்சி, நான் சொல்வதை அப்படியே அவருக்கு ஜெர்மனில் சொன்னால் போதும், நீங்கள் ஒன்றும் அழகுபடுத்த வேண்டாம். வயோதிபர் இல்லத்துக் குசினியில் காலம் தள்ளியவள் என்பதால் எனக்கும் அந்தப் பாஷை ஓரளவு வரும். ஆனாலும் வீட்டுக் கதையைத் தமிழில் சொன்னால்தான் முன்பின் மாறாமல் வரும். ஓர்லிகோனிலிருந்து ஓல்டன் வரை எனக்காக ரயிலேறி வந்ததற்கு நன்றி.

இது ஜெர்மன்காரர் செய்கிற பழக் கேக். பேக்கிங் பவுடர் ஒன்றும் கிடையாது. ஈஸ்ட் போட்டு மாவு பிசைந்து, அது பொங்கும் வரை காத்திருந்து, தட்டில் பரப்பி, மேலே நீலப் பிளம்ஸை நெருக்கமாக அடுக்கி, அதற்கு மேல் வெண்ணெயும் சீனியும் மாவும் சேர்த்து விரலால் உதிர்த்ததைக் கொட்டி ஓவனில் வைக்க வேண்டும். அந்த உதிரிக்கு ஸ்ட்றொய்சல் என்று பெயர். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். நான் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறவள். ஒரு மண்டபமே நிறைகிற கூட்டத்துக்கு ஒற்றை ஆளாகச் சமைத்தவள். இது என்ன பெரிய வித்தை என்றுதான் நானும் தொடங்கினேன்.

ஏன் தொடங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை, லேயா. ஃப்ரிபூர்க்கில் படித்து அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். அங்கேதான் ஸ்டெஃபான் பழக்கமானான். ஜெர்மனியில் சாக்சன் பக்கத்துப் பையன். நல்ல பையன், அவனில் நான் குறை சொல்ல மாட்டேன். போன கிறிஸ்மசுக்கு லேயா எங்களிடம் வராமல் அவனுடைய தாய் வீட்டுக்குப் போனாள். போய் நின்றுகொண்டு போனில் முகம் காட்டிக் கதைத்தாள். பிரிகிட்டா என்ற அந்தத் தாயின் குசினியில் நிற்கிறாள், முழங்கை வரை மாவு. என் குசினிக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் வருகிற பிள்ளை.

"அம்மா, இஞ்ச நிக்கேக்க வீட்டில நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

சந்தோசத்தில் சொன்னாள். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்படியென்றால் நான் இத்தனை வருசம் தூசி தட்டி வைத்திருந்தது என்ன என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரு கேக் தட்டைக் காட்டி என் பிள்ளையை ஒருத்தி கூட்டிக்கொண்டு போகிறாள் என்று பட்டது. இதைச் சொன்னால் என் மனுசன் நோபேட் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

பிறகு, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஒழுங்காயிற்று. கல்யாணக் கதை கதைக்க பிரிகிட்டா முதல்முறையாக வருகிறார். கோப்பிக்கு வருவார்கள், கேக்கை நானே செய்கிறேன் என்று லேயாவிடம் சொன்னேன். அம்மா, கடையில் வாங்குங்கோ, நீங்கள் ரோல்ஸ் செய்தால் காணும் என்றாள். அது என்னைச் சுட்டது. விடாப்பிடியாக நின்று பிரிகிட்டாவின் செய்முறையைக் கேட்டு வாங்கினேன். அதில் மாவு பொங்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வெதுவெதுப்பான, காற்றுப் படாத இடத்தில் வைக்க வேண்டும். இதை ஐயாவைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இனி என் மனுசனைப் பற்றிச் சொல்கிறேன். நோபேட் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டின பழக்கம் இல்லை. அகதியாக வந்து, இங்கே சாமான் கிடங்கில் பெட்டி தூக்கி, இதயத்துக்குள் கம்பிச் சுருள் வைத்த பிறகு வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். வீட்டோடு இருக்கிற ஆம்பிளைக்கு ஒரு வேலை வேண்டும். எங்கள் குளியலறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தபோது வீட்டு நிர்வாகத்திலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்து, உங்கள் சமையல் ஆவிதான் காரணம், ஒவ்வொரு நாளும் பலமுறை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் மனுசனுக்கு வேலை கிடைத்தது.

இந்த ஊர்க்காரர் அதை லுஃப்டன் என்பார்கள். தங்கச்சிக்குத் தெரியும். அவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், கொஞ்ச நேரத்தில் மூடுவார்கள், தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். இவர் அதை ஒரு பூசை மாதிரிச் செய்தார். முதலில் குசினி ஜன்னல், பிறகு படுக்கையறை, கடைசியாகப் பல்கனிக் கதவு. காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வேண்டும். திறந்துவிட்டு, சாரமும் பெனியனுமாகப் பல்கனியில் போய் நின்று கையை வீசிப் பயிற்சி செய்வார். பனி கொட்டினாலும் அதே உடுப்பு. குளிர் தனக்கு ஏறாது என்பதில் ஒரு பெருமை. நான் வேலைக்குப் போய் வந்து குளிருது என்று சொன்னால், "வீடு மூச்சு விடட்டும் றஞ்சி" என்பார். வீடு மூச்சு விட்டது. நான் சளியோடு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் இதே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாது என்று யாரோ சொன்னதை அவர் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார். அன்று மிக்சி போடக் கூடாது, சம்பல் இடிக்கக் கூடாது, கதிரையை இழுக்கக் கூடாது. ஒருமுறை என் கையிலிருந்து சட்டி மூடி தவறி விழுந்ததற்கு, கீழ் வீட்டுக் கிழவியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனுசிக்குக் காதே கேட்காது. எங்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது என்பார். நாட்டைக் கொடுத்தவனுக்கு நாம் அமைதியையாவது கொடுக்க வேண்டும் என்பார். நல்ல கொள்கைதான்.

முதல் தடவை ஒரு வேலை நாளில் செய்து பார்த்தேன். பாலைக் காய்ச்சி ஊற்றி, ஈஸ்ட்டும் சீனியும் போட்டு, முட்டை சேர்த்துப் பிசைந்து, துணியால் மூடி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ச்சாத பாலைச் சாப்பாட்டில் சேர்க்கிற பழக்கம் என் கையில் இல்லை. வைத்துவிட்டு மூன்று செபம் சொல்லி முடியவில்லை, இவர் வந்து ஜன்னலைத் திறந்தார். நான் சத்தம் போட்டதும் உடனே மூடினார், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் மாவு வைத்தது வைத்தபடியே கிடந்தது. அதைச் சுட்டு எடுத்தால், எறிந்து ஜன்னலை உடைக்கலாம். அவர் அதைத் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிட்டார். "பரவாயில்லை, நனைச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு ஏறிய கோபம் அந்தப் பரவாயில்லையில்தான் ஏறியது. தானே கெடுத்துவிட்டு, தானே மன்னித்தும் விடுகிறார்.

அடுத்த தடவை நான் சூதானமாக இருந்தேன். மாவுக் கிண்ணத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் போர்வைக்குள் பிள்ளையைப் போல் பொத்தி வைத்துவிட்டு, கட்டடத்துப் பொது மெஷினில் அன்று எங்களுக்குத் துணி தோய்க்கிற முறை என்பதால் நிலக்கீழ் அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் போர்வை ஜன்னல் கட்டையில் தொங்குகிறது. காற்றாட விட்டிருக்கிறார். வெறும் மெத்தையில், திறந்த ஜன்னலுக்கு நேரே என் கிண்ணம். மூடியிருந்த துணியைக்கூட நேராக்கி வைத்திருந்தார். நான் கட்டிலில் இருந்து அழுதேன். அவர் வாசலில் நின்று ஏதோ சொன்னார், மாவைப் பற்றித்தான். எனக்கு அப்போது ஒன்றையும் காதில் வாங்குகிற மனநிலை இல்லை.

மூன்றாம் தடவை கெஞ்சிக் கேட்டேன். ஒரு பின்னேரம் மட்டும் ஒன்றையும் திறவாதேயுங்கோ என்றேன். ஓம் என்றார், திறக்கவும் இல்லை. அன்றும் பொங்கவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. வீடெல்லாம் சுற்றிப் பார்த்தேன். குளியலறை ஜன்னல் ஒரு விரல் அளவு நீங்கியிருந்தது. பூஞ்சணத்துக்காக அதை அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார், அதைத் திறப்பதாகவே கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஒரு விரல் இடைவெளியைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. இந்த மனுசன் உள்ளே இருக்கிற வரை இந்த வீட்டில் மாவு பொங்காது. இது கோபத்தில் வந்த நினைப்பு இல்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று தெரிவது போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஐயாவுக்கு ஏற்கெனவே தெரியும். பீஸ என்கிற வடகிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பல்கனித் தொட்டியில் மண் கல்லாக இறுகியிருந்தது. காலையிலேயே நோபேட்டிடம், பூசைக்குப் போய்விட்டு அப்படியே நண்பர்கள் வீட்டில் மத்தியானம் நின்றுவிட்டு வாருங்கோ என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து ஒரு மனுசி முதல்முதலாக வருகிற நாளில் வீட்டு ஆம்பிளை வெளியே திரிவதா என்று மறுத்துவிட்டார். அதோடு நான் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் வீட்டில் நிற்கிறதாம். அவர்கள் வருமுன் வடிவாகக் காற்றாட விட வேண்டுமாம். நான் அவருக்கு வெளியே போக வழி காட்டினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டு எழும்பியதும் தொடங்கினார். குசினி ஜன்னல், படுக்கையறை ஜன்னல், பல்கனிக் கதவு. நான் மாவை அளந்து, ஈஸ்ட்டை உதிர்த்து, பாலை அடுப்பில் வைத்திருந்தேன். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பிளம்ஸ் வடிகட்டியில் கிடந்தது. வேறு பிளம்ஸ் இல்லை, வேறு ஈஸ்ட் இல்லை, வேறு நாளும் இல்லை. நான் அவருக்குப் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மூடினேன். குளியலறை ஜன்னலையும் படுக்கையறை ஜன்னலையும் மூடினேன். குசினி ஜன்னலை மூடினேன். பல்கனிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் வெளியே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை வீசிக்கொண்டிருந்தார். கதவையும் மூடினேன். இங்கத்தைய பல்கனிக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் பிடி இல்லை. உட்பிடியைக் கீழே திருப்பினேன். அதற்கு மேல் என் கை ஒன்றும் செய்யவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. குளிருக்கு மூடினேன் என்றுதான் நினைத்திருப்பார், சிரிக்கவும் செய்தார். ஒரு விரல் மொழியால் கண்ணாடியில் தட்டினார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எதையோ கையைக் காட்டினார். இங்கே நின்றும் எனக்கு வேலை சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். எங்கள் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே சுவர் இல்லை. அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் இறக்கி வைத்தேன். திரும்பி வந்தபோது, நல்லகாலம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு கதவுப் பிடியைக் காட்டினார்.

நான் ஸ்டோறன் பொத்தானை அழுத்தினேன். ஐயாவுக்கு விளக்கத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அந்த மடிப்புத் தகடுதான். எங்கள் வீட்டில் அது மெதுவாகத்தான் இறங்கும், நிர்வாகத்திடம் இரண்டு முறை சொல்லியும் திருத்தவில்லை. முகம், நெஞ்சு, சாரம், கடைசியாகச் செருப்பு என்று மறைந்தது. கதவு விளிம்பில் பதித்த ரப்பர் பழசு, அதனால் கீழே கொஞ்சம் காற்று வரும். தகடு இறங்கினால் அதுவும் நின்றுவிடும். அதற்காகத்தான் இறக்கினேன்.

அவர் ஏன் கத்தவில்லை என்று ஐயா கேட்கிறார். அது ஞாயிற்றுக்கிழமை. மூன்று பக்கமும் வீடுகள், ஒவ்வொன்றிலும் ஆட்கள். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். முன்னால் தண்டவாளங்கள்தான், ரயிலில் போகிறவன் பல்கனியை அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர் விரல் மொழியால் தட்டினார், அதுவும் மெதுவாக. பிறகு தகட்டோடு வாயை வைத்து, "றஞ்சி, குளிருது" என்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார். சனிக்கிழமையாக இருந்திருந்தால் நான் அந்தப் பிடியைத் திருப்பியிருக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் அவர் நன்றாகச் சத்தம் போடுவார்.

நான் தகட்டின் இந்தப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சரக்கு ரயில் நீளமாகப் போனது. அது போய் முடிந்த பிறகும் தட்டினார். அவருடைய போன் சார்ஜில் கிடந்தது, அதை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு எனக்கு மாவின் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் பாலில் ஆடை படிந்து, ஆறிப்போயிருந்தது. திரும்பச் சூடாக்க நேரமில்லை. ஆடையை எடுத்துவிட்டு அப்படியே ஊற்றிப் பிசைந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிக்சி போடவில்லை, கையால்தான் பிசைந்தேன். அவர் சொன்ன ஒழுங்கை நான் மீறவில்லை.

தங்கச்சி, அது பொங்கியது. துணியைத் தூக்கிப் பார்க்கிறேன், கிண்ணத்தின் வாய் வரை வந்து துணியையே முட்டுகிறது. விரலால் தொட்டால் குழி விழுந்து மெல்ல எழும்புகிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கிறிஸ்மசுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் சந்தோசம் அதுதான். அப்போது தகட்டில் ஒரு தட்டல் கேட்டது. முன்னைப் போல இல்லை, விட்டு விட்டு, நகத்தால் சுரண்டுகிற மாதிரி. நான் கையில் துணியோடு நின்றேன். பிறகு மாவைத் தட்டில் பரப்பி, துணியை மேலே போட்டு, இன்னொருமுறை எழும்ப வைத்தேன். செய்முறையில் அப்படித்தான் இருக்கிறது.

பிளம்ஸை வரிசையாக அடுக்கினேன். வெண்ணெயைக் குளிர்ந்தபடியே வெட்டிப் போட்டு ஸ்ட்றொய்சல் உதிர்த்தேன். ஓவனுக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அந்த மணம். அந்த மணத்தை லேயாவின் குரலில்தான் நான் அதுவரை அறிந்திருந்தேன். தட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. மேல்பக்கம் கருகிவிடாமல் பார்ப்பதில் கவனமாக இருந்தேன். ஐயா தேவையானால் அதை அலட்சியம் என்று எழுதிக்கொள்ளலாம்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பிரிகிட்டா உயரமான மனுசி, சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவரை வெறுக்க வேண்டும் என்று தயாராக இருந்தேன், முடியவில்லை. லேயா அப்பா எங்கே என்று கேட்டாள். தலையிடி, மாத்திரை போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், கொஞ்சம் பொறுத்து எழுப்பலாம் என்றேன். பகலில் ஏன் ஸ்டோறன் இறக்கியிருக்கிறது என்று ஸ்டெஃபான் கேட்டான். காற்று என்றேன். அது பொய் இல்லை.

கேக்கை வெட்டினேன். பிரிகிட்டா ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், தன் தாய் செய்தது போல இருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னார். இரண்டாவது துண்டையும் தானே எடுத்துக்கொண்டார். லேயா வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது உண்மையா நீங்கள் செய்ததோ?"

"ஓம்."

"நான் கடையில வாங்கச் சொன்னதுக்குக் குறை நினையாதேயுங்கோ" என்றாள். எழும்பி என் குசினிக்குள் போனாள். தானே ஒரு தட்டை எடுத்து, நடுவில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, ஒரு கோப்பையால் மூடி வைத்தாள். அப்பாவுக்கு என்றாள். அவர் அந்த நேரம் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக ஐயா நேற்றுச் சொன்னார். இருந்திருந்தால் மணம் அவருக்கும் போயிருக்கும்.

பிறகு பிரிகிட்டா, எப்படி இவ்வளவு மென்மையாக வந்தது என்று கேட்டார். நான் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டார். காற்று அவ்வளவு பெரிய விசயம் இல்லை, குளிரில் மாவு மெதுவாகத்தான் எழும்பும், ஆனாலும் எழும்பும், தான் பல நாள் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவேன் என்றார். கவனிக்க வேண்டியது பால்தான், கொதித்த பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு எங்கே வைத்தாலும் எழும்பாது என்றார். நான் கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அது புதிய செய்தி இல்லை.

அறைக்குள் ஓவன் சூடு நிறைந்திருந்தது. லேயா எழும்பி, கொஞ்சம் காத்து வரட்டும் என்று சொல்லிக்கொண்டே பல்கனிப் பக்கம் போனாள். தகப்பனின் பிள்ளை. பொத்தானை அழுத்தினாள். நான் தடுக்கவில்லை. கேக் வெந்து, வெட்டி, சாப்பிட்டும் ஆயிற்று, இனிக் காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது. தகடு மெதுவாகத்தான் ஏறியது. முதலில் தெரிந்தது செருப்பு இல்லை, முழங்கால்கள். அவர் கதவோடு சாய்ந்து இருந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லேயா இப்போது என்னோடு கதைப்பதில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். ஃப்ரிபூர்க்கில் இல்லையாம், சாக்சனில் அந்த மனுசி வீட்டில் இருக்கிறாளாம்.

ஐயா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மாவு பொங்கிய பிறகு கதவைத் திறந்திருக்கலாம் அல்லவா, அப்போது அவர் தட்டியதும் எனக்குக் கேட்டதல்லவா என்கிறார். கேட்டது. கதவுப் பிடிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரைதான் இருந்தது. இரண்டாவது எழும்பலுக்கு இன்னும் நேரம் வேண்டியிருந்தது என்று போன கிழமை சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

போர்வையைக் காற்றாட விட்ட அன்றைக்குப் படுக்கையறை வாசலில் நின்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்றேன். வாங்கினேன். "றஞ்சி, இது காத்தால இல்லை. நீர் பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊத்துறீர், ஈஸ்ட் அவிஞ்சு போகுது" என்றார். பிள்ளைக்குச் சொல்வது போலத் தன்மையாகச் சொன்னார். நான் துணியைத் தூக்கி, பொங்கி நின்ற மாவைப் பார்த்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றியது ஆறின பால் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கதவைத் திறந்தால் அவர் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்து, பார்த்தீரோ, நான் சொன்னனான் என்பார். கோபித்தும் இருக்க மாட்டார். பரவாயில்லை என்பார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்தக் கேக்கைச் செய்து முடித்திருக்க முடியாது. அதனால்தான் திறக்கவில்லை. என் கையால்தான் பூட்டினேன், அவர் தட்டத் தட்ட நான்தான் விட்டுவைத்தேன், அவர் செத்தது என்னால்.

ஆனால் தங்கச்சி, மாவு முன்னே பொங்காமல் போனதற்குக் காரணம் காற்றுத்தான். அதை மட்டும் ஐயாவைச் சரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.